காலி இடத்துக்குப் போன ஆட்டுத்தலை

கரகோல்,
ஜூலை 19, சனிக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி கப்தேஷ் அவர்களுக்கு, கரகோல் நகரத்து ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவன் ஜூமாடில் பணிவோடு எழுதுவது. உங்கள் குதிரைகள் நலமா? ஆடுகள் நலமா? சாம்பல் நிறப் பசுவின் மடிவீக்கம் வற்றிவிட்டதா? சம்பந்தியம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? கால்நடைகளை முதலில் விசாரித்தது நம் இரண்டு பக்கத்து வழக்கப்படிதான், வேறு உள்நோக்கம் இல்லை என்று சம்பந்தியம்மாவிடம் சொல்லிவிடுங்கள். இங்கே நாங்கள் அனைவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. ஆகவே, நலம்.

உண்மையில் நலமில்லை. போன சனிக்கிழமை எங்கள் வீட்டு விருந்திலிருந்து நீங்கள் ஒரு வாய் கறி சாப்பிடாமல் எழுந்து போய் இன்றோடு ஏழு நாள் ஆகிறது. பதினோரு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. எங்கள் மருமகள் மர்ஜான் கூப்பிட்டால், "ஒண்ணுமில்ல மகளே, ஒண்ணுமில்ல" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்களாம். அதனால்தான் கார்க்கிரா எல்லையைத் தாண்டி உங்கள் கசாக் நாட்டுத் தல்கார் பக்கம் வண்டி ஓட்டுகிறவர் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்பத் தீர்மானித்தேன். நடந்ததில் குற்றம் பெரும்பாலும் என்னுடையது, கொஞ்சம் என் மகன் உலானுடையது, மிச்சம் கணினியுடையது. உங்கள் மகளுக்கு அதில் பங்கு இல்லை. என்னோடு ஆயுசுக்கும் பேச வேண்டாம், அவளோடு மட்டும் பழையபடி பேசிவிடுங்கள். ஒரு வாரமாக அந்தப் பெண் மாவு பிசைகிறாள், பிசைகிறாள், யாருக்காக இவ்வளவு மாவு என்று கேட்கக்கூட எங்களுக்குத் தைரியமில்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். மே மாதக் கடைசியில் உலானும் மர்ஜானும் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து இரண்டு கணினிகளோடும் ஒரு மூட்டை அழுக்குத் துணியோடும் வந்து இறங்கினார்கள். கோடை முழுக்க இங்கே உட்கார்ந்து ஒரு புது மொழி செய்யப் போகிறோம் என்றார்கள். ஏற்கனவே நம் வீட்டில் கிர்கிஸ், கசாக், ருஷ்யன் என்று மூன்று ஓடுகிறதே, போதாதா என்று கேட்டேன்.

"இது கணினிக்கு வேலை சொல்ற மொழி மாமா. மூணு பாஷையில எதுல வேணும்னாலும் எழுதலாம்" என்றாள் மர்ஜான். "ஆனா எப்படிச் செய்யணும்னு சொல்ல வேண்டாம். கடைசியில என்ன இருக்கணும்னு மட்டும் சொன்னாப் போதும். மத்ததை அது பாத்துக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்பது வருஷம் பண்ணை ஆட்களோடு வேலை செய்தவன் நான். காலைப் பிடி, தலையைத் திருப்பு, ஊசியை இங்கே குத்து, அங்கே குத்தாதே என்று படிப்படியாகச் சொன்னாலே ஊசி என் தொடையில் ஏறும். எப்படி என்று சொல்லாமல் உலகத்தில் யார் யாரிடம் வேலை வாங்கியிருக்கிறார்கள் என்று கேட்டேன். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரி கலிபா சமையலறையிலிருந்து தலையை நீட்டினாள்.

"ஏங்க, சாயங்காலத்துக்குள்ள கூரை ஒழுகாம இருக்கணும்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஏணி எங்கே, தகரம் எங்கே, யார் ஏறுவது, ஒன்றும் சொல்லவில்லை. உலானும் மர்ஜானும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மர்ஜான் நோட்டை எடுத்துக்கொண்டு மாமியார் பின்னாலேயே ஓடினாள். "அத்தை, இப்பச் சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க!"

அடுத்த பத்து நாள் உங்கள் மகள் என் மனைவியின் வாயிலிருந்து விழுந்ததையெல்லாம் எழுதினாள். மாடு வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கக் கூடாது. முடிந்தால் மதியத்துக்குள் மாவு வந்திருக்கட்டும். பக்கத்து வீட்டு லூத்மிலா பாவ்லோவ்னாவோடு ருஷ்ய மொழியில் பேசும்போதும் அதே ராகம்தானாம். இருக்கணும், இருக்கக் கூடாது, முடிந்தால் இருக்கட்டும், இந்த மூன்று அச்சுக்கு வெளியே கலிபா ஒரு வாக்கியம் பேசியதில்லை என்று கண்டுபிடித்தார்கள். அந்த மூன்றையும் புது மொழிக்கு அஸ்திவாரமாகப் போட்டு, மொழிக்கே கலிபா என்று பெயரும் வைத்துவிட்டார்கள். "எம்பேரை வச்சா, அது மக்கர் பண்றப்ப எல்லாரும் என்னையில்ல திட்டுவாங்க?" என்று அவள் சத்தம் போட்டாள். முப்பத்தெட்டு வருஷமாக நான் உலகத்திலேயே நவீனமான மொழிக்குக் கீழ்ப்படிந்து வந்திருக்கிறேன் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சம்பந்தி, உங்களிடம் மறைப்பதற்கென்ன, எனக்கு அதில் அடங்காத ஆர்வம் வந்துவிட்டது. காலையில் தேநீர்க் கிண்ணத்தோடு போய் உட்கார்ந்தால் மதியம்வரை எழுந்திருக்க மாட்டேன். நம் பேச்சில் வினை கடைசியில் வருகிறது, ருஷ்யனில் நடுவில் வந்து நிற்கிறது, கணினிக்கு எப்படி இரண்டும் ஒன்றென்று புரியும்? மர்ஜான் அட்டைகளை வெட்டி மேஜையில் பரப்பினாள். ஆளுக்கு நீலம், பொருளுக்கு மஞ்சள், ஆசைக்குச் சிவப்பு. எந்த வரிசையில் வைத்தாலும் நிறத்தைப் பார்த்துத்தான் கணினி புரிந்துகொள்ளுமாம். நான் அரை மணி நேரம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். அது ஏமாறவில்லை.

அப்புறம் பெயர்த் தகராறு. கலிபா என் அண்ணன் தொக்தோசுன் பெயரை வாயால் சொல்ல மாட்டாள். கணவனின் மூத்தவர் பெயரைச் சொல்லக் கூடாது என்பதால், "மேல்வீட்டுக்காரர்" என்பாள். மர்ஜான் என் பெயரைச் சொல்ல மாட்டாள். ஆகவே ஒரே ஆளுக்கு எத்தனை பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று மொழியில் ஒரு விதி சேர்ந்தது. வாக்கியங்களின் வரிசைக்கு அர்த்தமே கிடையாது, எதை முதலில் எழுதினாலும் ஒன்றுதான் என்று உலான் விளக்கியபோது அண்ணன் கைத்தடியைத் தரையில் தட்டினார். "எம்பத்துநாலு வயசு எனக்கு. நான் சொன்னதும் நேத்துப் பொறந்தவன் சொன்னதும் ஒண்ணா? என் வாக்கியம் மேல இருக்கணும்!" கணினிக்கு அதில் கவலையில்லை பெரியப்பா என்றான் உலான். "கணினிக்கு இல்லடா, படிக்கிறவனுக்குக் கண்ணு இருக்கில்ல?" என்றார். பெரியவர்கள் சொன்னது அச்சில் மேலே வரும் என்று இன்னொரு விதி சேர்ந்தது.

எல்லாம் சிரிப்பும் கும்மாளமுமாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரே ஒரு விஷயத்தில் உலானுக்கும் மர்ஜானுக்கும் முட்டிக்கொண்டது. கணினியிடம் ஒன்றைக் கேட்டால் ஆம், இல்லை என்று இரண்டே பதில்தான் வர வேண்டும், மறுத்து எழுதாத வரைக்கும் ஒரு ஆள் இருக்கிறார் என்றே அது எடுத்துக்கொள்ள வேண்டும் என்றான் உலான். மூன்றாவதாக, தெரியாது என்று ஒரு பதில் வேண்டும் என்றாள் மர்ஜான். மூன்று நாள் இந்தச் சண்டை. கடைசியில் என்னிடம் தீர்ப்புக்கு வந்தார்கள். நான் கால்நடை மருத்துவன் இல்லையா, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: "நாற்பது வருஷத்துல ஆயிரம் மிருகத்தைப் பாத்திருக்கேன். உயிரோட இருக்கும், இல்லன்னா செத்திருக்கும். மூணாவதா ஒண்ணை நான் பாத்ததில்ல." உலான் கைதட்டினான். மர்ஜான் அந்த மூன்றாவது பதிலுக்காக வெட்டி வைத்திருந்த வெற்று அட்டையை எடுத்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் நீங்கள் ஏழு பேர் முதல்முறையாக எங்கள் வீட்டு விருந்துக்கு வருவதாகச் சேதி வந்தது. ஆள் மொத்தம் ஐம்பத்திரண்டு, ஆடு மூன்று. யாருக்கு எந்த எலும்பு என்பதில் ஒரு தவறு நடந்தால் அடுத்த தலைமுறை வரைக்கும் பேச்சு நிற்காது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். இடுப்பெலும்பு மூத்தவருக்கு என்று எங்கள் பக்கம் சொல்லும், ஆட்டுத்தலைதான் பெரிய மரியாதை என்று உங்கள் பக்கம் சொல்லும். புது மொழிக்கு இதைவிட நல்ல பரீட்சை கிடைக்குமா? ஆளாளுக்கு விதி சொன்னோம். அண்ணன் கிர்கிஸில் சொன்னார். ரத்தக்கொதிப்புக்காரர்கள் தட்டில் வால்கொழுப்பு இருக்கக் கூடாது என்று லூத்மிலா பாவ்லோவ்னா ருஷ்யனில் சொன்னார். சம்பந்தியம்மா போனில் கசாக்கில் சொன்னார்: சம்பந்தி வீட்டு மூத்தவருக்குத் தலை இருக்கணும், தகப்பன் உயிரோடிருக்கிறவன் கையில் தலை இருக்கக் கூடாது. இந்தக் கடைசி விதிக்காக ஒவ்வொரு ஆளின் தகப்பனார் பெயரையும் பிறந்த வருஷத்தையும் சேர்த்து எழுதினோம். உங்களுக்கு நினைவிருக்கும், இரண்டு வருஷத்துக்கு முன்னால் தல்காரில் கல்யாணத்தன்று தலை உங்கள் முன்னால் வந்தபோது, பல்வலி என்று பக்கத்தில் தள்ளிவிட்டீர்கள். இந்தத் தடவை நீங்கள் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று, தலையை மட்டும் ஒரு மணி நேரம் கூடுதலாக வேகவைக்கச் சொல்லியிருந்தேன். அந்த அளவுக்குப் பார்த்துப் பார்த்துச் செய்தேன் சம்பந்தி.

முதல் ஒத்திகையில் கணினி ஐம்பத்திரண்டு பேருக்குத் தொண்ணூற்றேழு இடம் போட்டது. பார்த்தால், செத்துப்போன தகப்பன்மார் நாற்பத்தைந்து பேரையும் விருந்துக்கு அழைத்திருக்கிறது. போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று அதற்கு யாரும் எழுதவில்லை. எங்கள் அப்பா நடுநாயகமாக உட்கார்ந்து இடுப்பெலும்பு வாங்கிக்கொண்டார். அண்ணனுக்குக் கிடைத்தது முன்னங்கால், அது சின்னவர்கள் பங்கு. "அப்பா போய் நாப்பத்தாறு வருஷம் ஆச்சு, இன்னமும் எனக்கு முன்னங்கால்தானா?" என்று அவர் போட்ட கூச்சலில் கோழிகள் மரத்தில் ஏறின. சரி, இறந்தவர் என்று எழுதிவிடலாம் என்றால் கலிபா குறுக்கே வந்தாள். "சாப்பாட்டுக் காகிதத்துல சாவை எழுதக் கூடாது." இந்தத் தடவை அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. இறந்தவர் என்பதற்குப் பதிலாக, வரமாட்டார் என்று மரியாதையாக எழுதலாம் என்று நான்தான் வழி சொன்னேன். ஒற்றை விரலால் தட்டித் தட்டி நாற்பத்துநாலு பேருக்கு நானே எழுதினேன். எங்கள் அப்பாவுடையதைக் கடைசியாக எழுதினேன்.

நாற்பத்தைந்தாவது வரி உங்கள் தகப்பனாருடையது, மரியாதைக்காகப் பெயரைக்கூட நான் வாசிக்கவில்லை. அதை எழுத எனக்கு உரிமையில்லை என்று பட்டது. சம்பந்தி வீட்டுப் பெரியவரைப் பற்றி அந்தச் சொல்லை அந்த வீட்டுப் பிள்ளைதானே எழுத வேண்டும்? "உங்க தாத்தாவுக்கு நீயே எழுதிடும்மா" என்றேன். "சரி மாமா" என்றாள். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மாவு பிசையப் போய்விட்டாள். வேலைச் சுமையில் மறந்துவிட்டாள் பாவம். எழுதினாளா என்று நான் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. எழுத்துகளைப் பெரிதாக்கி, பெயர்ச்சீட்டு அச்சடித்து, வாசலுக்கு நேர் எதிரே பெரிய இடத்தில், முகஜான், 95, மூத்த சம்பந்தி, தலை, என்றிருந்ததை நானே கம்பளத்தில் வைத்தேன். உங்கள் பெரியப்பா யாரோ எட்டாவது ஆளாக வருகிறார் போலிருக்கிறது, இந்த வயதில் எல்லை தாண்டி வருகிறாரே என்று பெருமைப்படவும் செய்தேன்.

மற்றது உங்களுக்குத் தெரியும். தலை வந்தது, காலி இடத்துக்கு முன்னால் வைத்தார்கள். உங்களுக்கு முன்னங்கால் வந்தது, தகப்பனோடு விருந்துக்கு வந்த பிள்ளைக்கு வைப்பதுபோல. எல்லோரும் காத்திருந்தோம். அண்ணனுக்குப் பசி பொறுக்கவில்லை.

"அந்தப் பெரியவர் எப்ப வருவாரு? கறி ஆறுது."

"யாருக்காகக் காத்திருக்கோம் சம்பந்தி?" என்று நீங்கள் கேட்டீர்கள்.

நான் சீட்டை எடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, கணீரென்று வாசித்தேன். "முகஜான் பெரியவர். உங்க பெரியப்பாவா?"

நீங்கள் சீட்டைப் பார்த்தீர்கள். தலையைப் பார்த்தீர்கள். அந்தக் காலி இடத்துக் கம்பளத்தைக் கையால் ஒரு தடவை தடவினீர்கள். பிறகு எழுந்தீர்கள், கால்பட்டு ஒரு தேநீர்க் கிண்ணம் உடைந்தது, நீங்கள் பாட்டுக்கு வண்டிக்குப் போய்விட்டீர்கள். உங்கள் ஆட்கள் ஆறு பேரும் வாயில் பொரித்த போர்சோக் ரொட்டியோடு பின்னால் ஓடினார்கள். போனவரை விருந்துக்கு உட்கார வைத்து, பிள்ளையை எல்லார் முன்னாலும் சின்னவனாக்கி, அவமானப்படுத்தி அனுப்பியிருக்கிறேன். இதை எழுதும்போதும் எனக்குக் காது சுடுகிறது.

அன்றிலிருந்து இந்த வீடு வீடாக இல்லை. "நீ ஏன் அதை எழுதல?" என்று உலான் ஒரே ஒரு தடவை கேட்டான். "உன் மொழியில அதுக்கு வார்த்தை இல்ல" என்றாள் மர்ஜான். என்ன அர்த்தமோ, எனக்கு விளங்கவில்லை. அதன்பிறகு இரண்டு பேரும் மூன்று மொழியிலும் பேசிக்கொள்வதில்லை. அண்ணன் மட்டும் தினமும் வந்து, அந்தத் தலையை யார் சாப்பிட்டது என்று விசாரித்துவிட்டுப் போகிறார். யாரும் சாப்பிடவில்லை.

ஆகவே சம்பந்தி, உங்கள் முன்னால் சத்தியம் செய்கிறேன். இரண்டு கணினிகளையும் என் மருந்துப் பெட்டியில், குதிரைப் பூச்சிமருந்துக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டேன். கலிபா என்கிற அந்த மொழி முடிந்தது. இனி இந்த வீட்டில் எலும்பை மனிதர்கள்தான் பங்கிடுவார்கள். அட்டைகளை அடுப்பில் போடப் போகிறேன். உங்கள் தகப்பனார் பெயரை அந்த மாதிரி உரக்க வாசித்ததற்கு என்னை மன்னிக்க வேண்டும், மன்னிக்காவிட்டாலும் மகளிடம் பேச வேண்டும்.

உங்கள் மந்தை பெருகட்டும், கிணறு வற்றாதிருக்கட்டும், வாசலில் எப்போதும் யாராவது வந்து இறங்கட்டும். சம்பந்தியம்மாவுக்குக் கலிபாவின் அன்பு. முழங்காலுக்குத் தடவ ஒரு புட்டி தைலம் வைத்திருக்கிறேன். குதிரைக்குச் செய்ததுதான், மனிதருக்கும் கேட்கும்.

தலைகுனிந்த,
ஜூமாடில்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் வண்டிக்காரர் வந்துவிட்டார். வெறுங்கையோடு வரவில்லை, ஒரு குடுவை குதிரைப்பாலும் உங்கள் கடிதமும் கொண்டுவந்தார். நீங்கள் எழுதியதையே கீழே திருப்பி எழுதுகிறேன், நான் சரியாகத்தான் படித்தேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"சம்பந்தி, எனக்குக் கோபமில்ல. போன்ல சொல்ல வாய் வரல, அதான் எழுதறேன். அறுபத்துநாலாம் வருஷம் மார்ச்சுல பனிப்புயல்ல எங்கப்பா குதிரை மந்தையை ஓட்டிக்கிட்டுப் போனாரு. மந்தை திரும்பி வந்தது, அவர் வரல. தேடியும் கிடைக்கல. எனக்கு அஞ்சு வயசு. அவர் போயிட்டாருன்னு எங்கம்மா கடைசி வரைக்கும் யாரையும் சொல்ல விடல. நானும் சொன்னதில்ல. தகப்பன் இருக்கிறவன் தலையைத் தொடக் கூடாது, இல்லாதவன்தான் தொடலாம். நான் எதுன்னு எனக்கே தெரியாது. அதனாலதான் தலை வந்தாப் பல்வலி. எனக்கு ஆயுசுல பல்வலி வந்ததில்ல சம்பந்தி. அம்மாவும் போனப்புறம் அவர் பேரை யாரும் சொல்றதுகூட இல்ல. நீங்க சத்தமா வாசிச்சீங்க, இடம் போட்டு வச்சிருந்தீங்க. சம்பந்தி ஜனங்க முன்னால அழக் கூடாதேன்னு வண்டிக்குப் போனேன். கெகென் ஊர் தாண்டற வரைக்கும் அழுதேன். முன்னங்கால் நல்லா வெந்திருந்ததா? அதைச் சாப்பிடாம வந்ததுதான் குறை. வர்ற சனிக்கிழமை ஏழு பேரும் திரும்ப வர்றோம். அந்த இடத்தை எடுத்துடாதீங்க."

எனவே மேலே இரண்டாவது பத்தியிலிருந்து சத்தியம் வரைக்கும் எழுதியதைப் படிக்காதவர்போல இருந்துவிடுங்கள். வாழ்த்தும் தைலமும் மட்டும் செல்லும். கணினிகள் வெளியே வந்துவிட்டன, கொஞ்சம் பூச்சிமருந்து வாசனை அடிக்கிறது. உலான் உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தான். பிறகு மாவு மேஜைக்குப் போய் மர்ஜான் பக்கத்தில் நின்று, "மூணாவது பதிலுக்கு என்ன நிறம் வைக்கலாம்?" என்று கேட்டான். "வெள்ளை" என்றாள் அவள், மாவுக் கையோடு நோட்டிலிருந்து அந்த அட்டையை எடுத்துக் கொடுத்தாள். ஆயிரம் மிருகத்தைப் பார்த்தவன் சொன்ன தீர்ப்பை நான் வாபஸ் வாங்கிக்கொண்டேன். தெரியாது என்று சொன்னால் கணினி என்ன செய்யும் என்று கேட்டேன். "காத்திருக்கும் மாமா" என்றாள். எவ்வளவு நாள் என்றேன். "அதை நாமதான் சொல்லணும்" என்றாள்.

இதை முடிக்கும் நேரத்தில் கலிபா சமையலறையிலிருந்து தலையை நீட்டுகிறாள்.

"ஏங்க, சனிக்கிழமை தல்கார்லேருந்து ஏழு பேர் வர்றாங்க. எட்டுக் கிண்ணம் இருக்கணும்."

சம்பந்திகளுக்கென்று வைத்த கிண்ணங்களில் உடையாமல் இருப்பது ஏழு. எப்படி என்று அவள் சொல்லவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு நான் கடைத்தெருவுக்குக் கிளம்புகிறேன்.